சிவப்பு இத்தாலிக்காரியும் ஒரு பிடி விபூதியும்

சந்திரசேகர குருக்களின் வலது கையில் ஒரு பிடி விபூதி. இடது கையில் கற்பூரத் தட்டு. எதிரே பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் சிவப்புக் கார் நின்றது. அதன் பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையும் அத்தர் வாசனையுமாக என் வீட்டுக்காரர் ஷபீர், கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மலை உச்சியில் மட்டும் வெயில் பட்டிருந்தது. எங்கள் தெரு இன்னும் பல் தேய்த்துக்கொண்டிருந்தது.

குருக்கள் கையை ஓங்கினார். நான் ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கை நின்றுவிடும். சொல்லாவிட்டால் கார் போகிற வழியில் நின்றுவிடும். கார் நின்றால் நான் ஜெயித்துவிடுவேன்.

வாயைத் திறந்தேனா, மூடிக்கொண்டேனா என்பதைச் சொல்வதற்கு முன்னால் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். போன வாரம் போகிற போக்கில் "எங்கள் வீட்டு இத்தாலிக் கார்" என்று எழுதிவிட்டேன். உடனே கேள்விகள். திருவண்ணாமலையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் வீட்டில் இத்தாலிக் கார் எப்படி? அதுவும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்? அந்த ஜாதிக் கார்கள் நடுரோட்டில் காலை வாரிவிடும் என்பார்களே, உண்மைதானா? ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "பூகோள டீச்சருக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டிருந்தார்.

ஐயா, எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கார் நின்ற இடங்களைப் பற்றித் தெரியும். அதுவும் பூகோளம்தானே!

வந்து சேர்ந்த விதம்

அது ஒரு பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்குள் காரை விடக்கூடாது என்பது எங்கள் ஊர் ஆடுமாடுகளுக்குக்கூடத் தெரியும். சென்னையிலிருந்து வந்த ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளைக்குத் தெரியவில்லை. தாத்தா காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய வண்டியை எடுத்துக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து எங்கள் கடைவீதி வரை வந்துவிட்டார். கார் சூடாகி, புகைந்து, சரியாக எங்கள் கடை வாசலில் நின்றது.

அந்தப் பிள்ளை காரை உதைத்தார். கும்பிட்டார். மறுபடி உதைத்தார். "எவனாவது எடுத்துட்டுப் போங்கடா!" என்று கத்திவிட்டு லாட்ஜுக்குப் போய்விட்டார்.

மறுநாள் அவர் வந்து பார்த்தபோது காருக்கு மேலே கடைச் சாக்குப்படுதா விரித்து நிழல் கட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியால் அதன் விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்வதை நம்புங்கள்: ஒரு முழுக் காரையும் உள்ளங்கை அகலத் துணியால் துடைத்து முடித்திருந்தார். அந்தப் பிள்ளை அதைப் பார்த்த பார்வையிலேயே விஷயம் பாதி முடிந்துவிட்டது. கையில் இருந்ததைக் கொடுத்து, காகிதமெல்லாம் மாற்றி, கார் எங்களுடையதாயிற்று. "எங்களுடையதாயிற்று" என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு நான் சொன்ன வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் போடமாட்டார்கள்.

மேலே கூரை கிடையாது. இரண்டே பேர் உட்காரலாம். மூன்றாவது ஆளாக ஒரு வெங்காய மூட்டைகூட ஏறாது. கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள். இவ்வளவு பேசியபின் பெயரையும் போட்டால் நன்றாக இருக்காது.

எங்கள் வீட்டில் காரை நிறுத்த இடம் ஏது? பக்கத்து வீட்டுக்காரர் சந்திரசேகர குருக்கள், அண்ணாமலையார் கோயிலில் பூசை செய்கிற குடும்பம். அவர் வீட்டுப் பின்னால் மாடு கட்டிய கொட்டகை ஒன்று காலியாகக் கிடந்தது. "தாராளமா விடுங்கோ பாய், வாடகையெல்லாம் பேசப்படாது" என்றார். ஒரே ஒரு வழக்கம் மட்டும் அவருக்கு உண்டு. அவர் கொட்டகையிலிருந்து எது கிளம்பினாலும் கற்பூரம் காட்டி விபூதி போட்டுத்தான் அனுப்புவார். மாடு போனபோதும் அப்படித்தான் அனுப்பினார். கார் என்றால் எஞ்சின்தான் உயிர் என்று அவருக்குக் கணக்கு. எனவே பானட்டைத் திறக்கச் சொல்லி, உயிருக்கே நேரடியாகப் போடுவார்.

நின்ற இடங்கள்

கார் நின்றது. பஸ் ஸ்டாண்டு எதிரில் நின்றது. ரயில்வே கேட்டுக்கு முன்னால் நின்றது, கேட்டைத் தாண்டியும் நின்றது. நல்லவேளை, நடுவில் நிற்கவில்லை. ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் நின்று, மாப்பிள்ளையின் குதிரை அதைப் பார்த்து மிரண்டது.

ஆனால் என் மானம் போனது வேங்கிக்காலில். கலெக்டர் ஆபீஸ் எதிரில். திங்கட்கிழமை, ஜனங்கள் மனுவோடு வரிசையில் நிற்கிற நாள்.

இந்தக் காரில் ஸ்டீயரிங் இடது பக்கம். வலது பக்கம் உட்கார்ந்திருப்பது நான். பார்க்கிறவர்களுக்கு நான்தான் ஓட்டுகிறேன் என்று தோன்றும். அதனால் சிவப்புக் காரில், கண்ணாடி போட்டுக்கொண்டு, ஜம்மென்று ஓட்டி வந்து, கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிறுத்திய பெண்மணி நான். ஒரு பெரியவர் ஓடி வந்து என் கையில் மனுவைத் திணித்துவிட்டார்.

"அம்மா, பட்டா மாத்தித் தரமாட்டேன்றாங்கம்மா. நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்."

"ஐயா, நான் ஆபீசர் இல்லைங்க. வண்டி நின்னுபோச்சு."

"எங்களுதும் அப்டியேதான் நின்னுபோய் கெடக்குதும்மா" என்றார் அவர்.

பிறகு வரிசையில் இருந்த பாதிப் பேர் மனுவை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து காரைத் தள்ளினார்கள். என் மாணவிகள் பஸ் ஜன்னலிலிருந்து, "டீச்சர், ஸ்டீயரிங் எங்க டீச்சர்?" என்று கத்தினார்கள். அன்றைக்கு இறங்கியவள்தான். இனி இந்தக் காரில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் வீட்டுக்குப் போய்விட்டேன்.

கெட்ட பேர் யாருக்கு?

சரி, பொதுவாக ஒரு வார்த்தை. இந்தப் பழைய இத்தாலி வண்டிகளுக்குக் கெட்ட பேர் தகுமா?

எங்கள் மாமனாரிடம் உள்ளூரில் செய்த பெரிய கார் ஒன்று இருந்தது. ஊரே அதைப் புகழும். "யானை மாதிரி வண்டி!" அந்த யானை வேலூர் போகிற வழியெல்லாம் படுத்துப் படுத்துத்தான் போகும். படுத்த இடத்தில் யாராவது வருவார், ஒரு கம்பியை அங்கே மாட்டி, ஒரு துணியை இங்கே சுற்றி, எழுப்பிவிடுவார். அதை யாரும் நின்றது என்றே சொல்லமாட்டார்கள். "டீ குடிக்க நிறுத்தினோம்" என்பார்கள்.

கீழ்பென்னாத்தூருக்குப் போகிற ஷேர் வேன்கள்? கதவு கையோடு வரும். பாதி வழியில் டிரைவர் இறங்கி அடியில் படுத்துக்கொள்வார். யாராவது வேனைத் திட்டியதுண்டா? கிடையாது. நம்ம வேன் நின்றால் அது சகஜம். வெளிநாட்டுக்காரி நின்றால் அவள் குணமே அப்படி!

எங்கள் கடைக்கு வாடிக்கையாக வரும் லூசியா என்ற இத்தாலிக்காரம்மா இருக்கிறார். கிரிவலப் பாதையில் ரொம்பக் காலமாகக் குடியிருக்கிறார். தமிழ் எங்களைவிட ஜாஸ்தி பேசுவார். அவரிடம் நியாயம் கேட்டேன்.

"எங்க ஊர்லயும் இதத்தான் சொல்றாங்க டீச்சர். என் மாமாகிட்ட இந்த மாதிரி ஒண்ணு இருந்துச்சு. சீட்டுக்கு அடியில எப்பவும் நடக்கிற ஷூ வெச்சிருப்பார்."

"அப்போ கெட்ட வண்டிதானா?"

"மாமா அத விக்கவே இல்லையே!" என்று சொல்லிவிட்டு அந்தம்மா சிரித்தார். இதை எந்தப் பக்கத்துச் சாட்சியாக எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். என் வீட்டுக்காரர் பேசுகிற ஆள் இல்லை. கடையில் அவர் வாயிலிருந்து வருவது "மேல் வரி தெரியுதா? கீழ் வரி?" அவ்வளவே. வீட்டில் அதுவும் கிடையாது. ஆனால் அந்தக் காரை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பும்போது மனிதர் பாடுவார். சுருதி கிடையாது, தாளம் கிடையாது, பாட்டு உண்டு. எஞ்சினுக்குக் காற்று போகிற வழியில் ஒரு பெட்டி மூடி இருக்குமாம். அதைக் கழற்றிவிட்டால் எஞ்சின் சத்தம் இன்னும் அழகாக வரும் என்று கழற்றியே வைத்துவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து பாடுவார்கள். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்பேன். கேட்காத மாதிரி இருப்பேன்.

அண்ணன் போட்ட நெருப்பு

என் பெரிய அண்ணன் இஸ்மாயில் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை வியாபாரம் செய்கிறவர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், மல்லாட்டை என்றால் நிலக்கடலை. அண்ணனுக்கு ஒரு டிராக்டர் உண்டு, அதைவிட நீளமான வாய் உண்டு. எங்கள் காரை இழுத்துவர அந்த டிராக்டர் அடிக்கடி வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போடுவார். முன்னால் டிராக்டர், நடுவில் கயிறு, பின்னால் தலைகுனிந்த சிவப்புக் கார், அதற்குள் தலைகுனிந்த என் வீட்டுக்காரர்.

பெருநாளைக்கு எல்லாரும் எங்கள் வீட்டில் கூடியிருந்தபோது அண்ணன் ஆரம்பித்தார்.

"மச்சான், சென்னையில எனக்குத் தெரிஞ்ச ஓட்டல்காரர் ஒருத்தர் பழைய கார் தேடிக்கினு இருக்காரு. நல்ல வெல குடுப்பாரு."

"ஓட்டல்காரருக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதுக்கு மச்சான்?" என்றார் இவர்.

"எஞ்சின எடுத்துட்டு, பானட்டுக்குள்ள ஐஸ் கொட்டி, ஜூஸ் பாட்டிலா அடுக்கப் போறாராம். வர்றவங்க பாத்து எடுத்துக்கலாம். அங்க நின்னுக்கினே இருந்தாலும் யாரும் கேக்கமாட்டாங்க இல்ல?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்து என் வாய்க்கு அரிப்பெடுத்தது.

"ஏங்க, ஒண்ணு செய்யலாம். இங்கருந்து அண்ணன் வீடு வரைக்கும் என்னை உக்கார வெச்சு ஒரே ஒரு தடவை நிக்காம கொண்டுபோய்ச் சேத்துடுங்க. அப்புறம் இந்த வண்டியப் பத்தி நான் வாயே தெறக்கமாட்டேன். வழியில நின்னுச்சுன்னா, ஜூஸ் கடைக்குக் குடுத்துடணும்."

பந்தயம் கட்டுவது எங்களுக்கு ஆகாது. ஆகவே இதை ஒரு பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி" என்றார். தட்டை நகர்த்திவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். எனக்கு உள்ளே கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான் என்று பாயசத்தை எடுத்துக் குடித்தேன்.

வெள்ளைப் பொடி

காரை வேங்கிக்காலில் தேவராஜ் மெக்கானிக்கிடம் விட்டார். ஞாயிற்றுக்கிழமை பயணம். சனிக்கிழமை எனக்கு அந்தப் பக்கம் ஒரு பயிற்சி வகுப்பு. "வண்டி ரெடியான்னு பாத்துட்டு வந்துடு" என்றார்.

தேவராஜ் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, எஞ்சினுக்குப் பெட்ரோலும் காற்றும் கலந்து கொடுக்கிற கார்பரேட்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். தட்டித் தட்டி வெள்ளையாக எதையோ கொட்டினார்.

"பாருங்க டீச்சர். ஒவ்வொரு தடவையும் இதான். உள்ள இருக்கிற ஊசி ஓட்டையெல்லாம் அடைச்சிக்குது. இத்தாலி அலுமினியம் டீச்சர். தானே பொடிஞ்சி மாவா கொட்டுது. பொறப்புலயே கோளாறு. நான் கிளீன் பண்ணிக் குடுத்தா வீடு வரைக்கும் ராஜா மாதிரி போவுது. அடுத்தவாட்டி வெளிய எடுத்தா நின்னுடுது."

கையில் கொஞ்சம் தட்டிக் காட்டினார். டீச்சர் புத்தி, எதையும் தொட்டுப் பார்க்கும். விரலில் எடுத்துத் தேய்த்தேன். வழவழவென்று இருந்தது. மூக்குக்குக் கொண்டுபோனேன். பெட்ரோல் நாற்றத்துக்கு அடியில் மெதுவாக, ஆனால் தெளிவாக, பச்சைக் கற்பூர வாசனை.

இத்தாலியில் அலுமினியத்துக்குப் பச்சைக் கற்பூரம் போடுகிறார்களா என்ன? நான் இந்த ஊரில் பிறந்தவள். தேரோட்டத்தில் கடை போட்ட குடும்பம். அந்த வாசனை எனக்கு நன்றாகத் தெரியும். அது அண்ணாமலையார் கோயில் விபூதி.

நான் அப்படியே நின்றேன். கழற்றி வைத்த பெட்டி மூடி. பானட்டைத் திறந்து வைத்து ஒரு பிடி. கார் மூச்சை இழுக்கிறது. எல்லாம் உள்ளே போகிறது. தேவராஜிடமிருந்து கிளம்பும்போது குருக்கள் இல்லை, எனவே ஓடுகிறது. கொட்டகையிலிருந்து கிளம்பும்போது குருக்கள் உண்டு, எனவே நிற்கிறது. இத்தனை காலம் ஒரு நாடே இதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறது!

டவுன் பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, டிக்கெட்டை எட்டி நின்று கொடுத்தார்.

சிரிப்பு அடங்கியதும் வேறொன்று உறைத்தது. நான் பொய்யே சொல்ல வேண்டாம். சும்மா இருந்தால் போதும். நாளைக்குக் காலையில் குருக்கள் வழக்கப்படி போடுவார், கார் வழக்கப்படி நிற்கும், அண்ணன் டிராக்டர் வரும், கொட்டகை காலியாகும். கலெக்டர் ஆபீஸ் வாசலில் போன மானம் வட்டியோடு திரும்பி வரும். ஒரு சாயங்காலம் முழுக்க அந்த ஜெயிப்பை வாயில் மிட்டாய் மாதிரி ஒதுக்கி வைத்துச் சுவைத்தேன்.

தேவராஜ் மாட்டிக்கொடுத்த வண்டியை இருட்டுவதற்குள் கொண்டுவந்து விட்டுவிட்டு, கொட்டகையில் இவர் மஞ்சள் துணியோடு உட்கார்ந்திருந்தார். என் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து ஒரு மெத்தென்ற திண்டு கொண்டுவந்து அதில் வைத்துப் பார்த்தார். கையால் அமுக்கிப் பார்த்தார். திருப்பி வைத்தார். எனக்கு முதுகுவலி என்று யாரிடமும் நான் பெரிதாகச் சொன்னதில்லை.

ஓங்கிய கை

இப்போது அந்தக் கைக்கு வரலாம். ஞாயிறு காலை, குருக்கள், ஒரு பிடி விபூதி. சாதாரணமாகப் போடுவதைவிட நிறையவே இருந்தது.

செய்யாத தப்புக்கு மார்க்கைக் குறைக்கிற பழக்கம் எனக்கு எந்த நாளும் கிடையாது. அதுதான் காரணம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையில் எனக்கு அந்தத் திண்டுதான் கண்ணில் பட்டது.

"சாமி, நில்லுங்க! உள்ள போடாதீங்க!"

என் குரல் தெருமுனை வரை போயிருக்கும். குருக்கள் கை அப்படியே நின்றது. இவர் முகம் வெளுத்துவிட்டது. அடுத்தடுத்த வீட்டில் இத்தனை காலம் இருக்கிறோம். அவர் கொடுக்கிற பொங்கலும் நாங்கள் கொடுக்கிற பிரியாணிக்குப் பதிலான பழத் தட்டும் சுவர் தாண்டிப் போய்வந்த வீடுகள். விபூதி வேண்டாம் என்று ஒரு வார்த்தை எங்கள் வீட்டிலிருந்து போனதில்லை.

குருக்கள் மெதுவாகக் கையை இறக்கினார். "ஏன் டீச்சரம்மா? உங்களுக்குப் பிடிக்கலையா? இத்தனை நாள் சொல்லாம இருந்துட்டேளே. நான் வழக்கம்னு..."

"ஐயோ, அது இல்ல சாமி! நீங்க அன்பாத்தான் போடுறீங்க. வண்டி அத மூச்சுல இழுத்துடுது. நேத்து மெக்கானிக் கடையில பாத்தேன். உள்ள பூரா உங்க விபூதி."

அவர் தட்டோடு குனிந்து எஞ்சினைப் பார்த்தார். மேலே பார்த்தபடி திறந்திருந்த அந்த வட்ட ஓட்டைகளைக் காட்டினேன்.

"இது என்னது, வாயா?"

"மூக்கு சாமி."

"மூக்குக்குள்ளயா போட்டுண்டு இருந்தேன்?"

அவர் அந்த ஓட்டைகளை மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. கற்பூரத் தட்டு ஆடியது. நான் தட்டை வாங்கிக்கொண்டேன். அவர் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பாவம் பாய்! வண்டி நின்னுபோச்சுன்னு இவர் வந்து சொல்றச்செல்லாம், அடடா, கம்மியாப் போட்டுட்டோம் போலன்னு, அடுத்த தடவை ஜாஸ்தியாப் போட்டேனே! இன்னிக்குப் பந்தயம்னு சொன்னேளேன்னு இன்னும் ஜாஸ்தியா எடுத்துண்டு வந்தேன்!"

இவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டது. எனக்குத் தெரிந்து அவர் கண்ணில் தண்ணீர் வர வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். "உள்ள வேணாம் சாமி, நெத்தியில போட்டுடுங்க" என்று பானட்டை மூடினார். குருக்கள் சிவப்புப் பானட்டின் மேல் மூன்று விரலால் நீளமாக இழுத்தார். காருக்கே ஒரு மரியாதை வந்துவிட்ட மாதிரி தெரிந்தது.

வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். சாவியைத் திருகாமல் இவர் என்னைப் பார்த்தார்.

"உனக்கு நேத்தே தெரியுமா ஜரீனா?"

"தெரியும்."

"சும்மா இருந்திருந்தா ஜெயிச்சிருப்பியே."

"வண்டிய எடுங்க. அண்ணன் காத்துக்கினு இருக்கும்."

திண்டிவனம் ரோட்டில்

சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். மாடியிலிருந்து கேட்டது வேறு, அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பது வேறு. ஊர் எல்லை தாண்டியதும் இவர் காலை அமுக்கினார். என் முக்காடு பின்னால் பறந்தது. நான் கத்தினேன். பயத்தில் கத்தினேன் என்று இவர் நினைத்து வேகத்தைக் குறைத்தார். "குறைக்காதீங்க!" என்று மறுபடி கத்தினேன்.

வழியில் ஒரு ஷேர் வேனைத் தாண்டினோம். அந்த டிரைவர், ஓட்டுகிறவள் நான் என்று நினைத்து எனக்குச் சலாம் போட்டார். இரண்டு கையையும் தூக்கிப் பதில் சலாம் போட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நெல் வயல், மல்லாட்டைக் கொல்லை, பம்ப்செட்டு, எல்லாம் பின்னால் ஓடின. இவர் பாட ஆரம்பித்தார். சுருதி அப்போதும் இல்லை.

பாதி வழி தாண்டிய இடத்தில் ஆடுகள். ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மந்தை. இவர் பாட்டை நிறுத்தினார். "நின்னுடணும் போல இருக்கே" என்றார். நின்றால் நின்றதுதான். ஆட்டுக்காக நின்றால் கணக்கில் இல்லை என்று நாங்கள் யாரும் பேசிவைக்கவில்லை. அண்ணன் அந்தச் சாக்கை விடமாட்டார்.

நான் சீட்டில் முழங்காலை ஊன்றி எழுந்துவிட்டேன். "ஏய்! நகருங்க! தள்ளுங்க! ஏம்ப்பா, ஆட்ட அந்தப் பக்கம் ஓட்டுப்பா! வண்டி நிக்கக்கூடாது!" பள்ளிக்கூட மைதானத்தையே அடக்குகிற குரல் அது. கார் ஆமை வேகத்தில் ஊர்ந்தது. ஒரு கிடா திரும்பி என்னை முறைத்தது. நானும் முறைத்தேன். ஆட்டுக்காரர் கையால் விலக்கிவிட, மந்தை நடுவில் பிளந்தது. நாங்கள் நிற்காமல் வெளியே வந்தோம்.

இவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். "நீ எந்தக் கட்சி?" என்றார்.

நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன். எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

கீழ்பென்னாத்தூர் வந்தது. அண்ணன் வீடு மெயின் ரோட்டிலேயே இருக்கிறது. தூரத்திலேயே தெரிந்தது, வாசல் நிறைய ஜனம். அண்ணி, பிள்ளைகள், அக்கம்பக்கத்துக்காரர்கள், கல்யாண வீடு மாதிரி. டிராக்டரை ரோட்டுப் பக்கம் திருப்பி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்களை எந்த இடத்திலிருந்து இழுத்துவர வேண்டும் என்ற போனுக்காகக் காத்து நின்றார் அண்ணன். சத்தம் கேட்டுத் திரும்பினார். தோளிலிருந்த கயிறு நழுவியது.

இவர் வேகத்தைக் குறைத்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நிக்காஹ் அன்றைக்கு அவரை நான் சரியாகப் பார்க்கவில்லை, வெட்கம். அன்றைக்கும் இப்படித்தான் இருந்திருப்பார்.

எனக்கு ஒரேயடியாகத் துக்கமாகிவிட்டது. அவ்வளவுதானா? இதற்குள் முடிந்துவிட்டதா? இத்தனை வருஷம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே இந்த மனிதரின் பாட்டைத் தூரத்திலிருந்து கேட்டேனே, அதற்கு வெறும் இவ்வளவு தூரம்தானா?

"நிறுத்தாதீங்க" என்றேன்.

"என்னது?"

"நிறுத்தாதீங்க! நின்னா நான் ஜெயிச்சிடுவேன். போங்க!"

இவர் ஒரு கணம் விழித்தார். பிறகு காலை அமுக்கினார். வாசலில் இருந்த அத்தனை வாயும் திறந்திருக்க, அண்ணி பன்னீர் செம்பை ஏந்தியபடி இரண்டடி ஓடிவர, நாங்கள் அவர்களைக் கடந்து போனோம். பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். அண்ணியாகத்தான் இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. காதோடு அமுக்கிக்கொண்டேன்.

"ஜரீனா! என்னம்மா, பிரேக் புடிக்கலையா? எங்க கீறீங்க? பிரியாணி ஆறிப்போவுது!"

"செஞ்சிக்கோட்டை தெரியுதுண்ணே!"

"செஞ்சியா! எதுக்கு செஞ்சிக்குப் போறீங்க? எப்போ திரும்பி வருவீங்க?"

நான் இவரைப் பார்த்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் அடுத்த பாட்டை ஆரம்பித்திருந்தார். இந்தத் தடவை எனக்குத் தெரிந்த பாட்டு.

"தெரியலண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பிறகு நானும் பாடினேன்.